டச்சுக்காரன் இன்னும் கரையிறங்கவில்லை

மண்டைக்காட்டில் வீட்டிலிருந்து எழுதுகிற எழுத்தாளரைக் கண்டுபிடிப்பது லேசு. காலை பத்து மணிக்கு ஊர் முழுக்க வேலைக்குப் போன பிறகும் வாசல் நடையில் நிற்கிற ஆண்பிள்ளை அவர்தான். கையில் பேனா இருக்கும், மூடி திறந்தே இருக்கும். உள்ளே எழுதிக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு வெளியே வந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி.

அரசாங்க வேலையில் இருந்த காலம் வரை, நேரம் கிடைத்தால் எழுதிக் குவித்துவிடுவேன் என்றார். ஓய்வு பெற்றதும் நேரம் கிடைத்தது, இடம் இல்லாமல் போயிற்று. மகள் கல்யாணமாகிப் போனாள், இடமும் கிடைத்தது. தென்னந்தோப்பைப் பார்த்த ஜன்னலோரம் மேஜை போட்டார். தேங்காய் விழுகிற சத்தம் கவனத்தைக் கலைத்தது. மேஜையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். சுவரில் பல்லி. செல்போன் கையில் இருந்தால் புத்தி சிதறுகிறது என்று அதை வீட்டுக்காரியிடம் கொடுத்து வைத்தார். அதன் பிறகு, யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்பதற்காகவே அடுக்களைக்கு நடக்க வேண்டியதாயிற்று. போன காலுக்கு ஒரு கட்டன் சாயா.

எழுதுவது சின்ன விஷயமில்லை, குளச்சல் போர். பக்கத்து ஊர், 1741-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கேதான் திருவிதாங்கூரோடு மோதியது. மார்த்தாண்ட வர்மா அந்த ஆகஸ்டிலேயே காரியத்தை முடித்து, பிடிபட்ட தளபதி டிலனாயைத் தன் படைக்கே வாத்தியாராகவும் ஆக்கிக்கொண்டார். நம்மவர் நாவலிலோ டச்சுக் கப்பல் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கிறது. சிப்பாய்கள் படகில் கால் வைத்ததோடு சரி. சட்டை என்ன நிறம் என்று தெரியாமல் அவர்களை எப்படி இறக்குவது?

இதற்குப் பெயர் ஆராய்ச்சி. கவனச் சிதறல்களிலேயே கௌரவமானது இதுதான். வீட்டிலும் எதிர்த்துப் பேச முடியாது. வெற்றித் தூணைப் பார்க்கக் குளச்சலுக்கு ஒரு நாள், டிலனாய் கல்லறையைப் பார்க்க உதயகிரிக் கோட்டைக்கு ஒரு நாள். வருகிற வழியில் திங்கள்சந்தையில் இறங்கி ஏத்தங்காய் உப்பேரி வாங்கி வருவதும் ஆராய்ச்சியில்தான் சேரும்.

ஆனால் ஆராய்ச்சியைவிட அவர் மனசுக்கு நெருக்கமானது மீன். பதினொரு மணிவாக்கில் தெருமுனையில் ஹாரன் கேட்டதுமே, "எழவு, எழுத விடமாட்டேங்கானே!" என்று எரிச்சலோடு எழுந்திருப்பார். அந்த எரிச்சல் செருப்பை மாட்டுகிற வேகத்தில் தெரியாது. மீன்காரர் வண்டியை நிறுத்தும் முன்பே சாறு அங்கே நிற்பார்.

"நெய்ச்சாளை, சாறே. இன்னைக்கு விட்டா நாளைக்குக் கெடையாது."

"நூறுக்கு எத்தனை?"

"பத்து."

"பன்னெண்டு வையும்."

செவுளைத் தூக்கிப் பார்ப்பார். கண்ணை அழுத்திப் பார்ப்பார். எந்த வள்ளத்தில் பட்டது, எத்தனை மணிக்குக் கரை சேர்ந்தது என்று விசாரிப்பார். ஒரு வாக்கியத்தை இத்தனை கவனமாகப் புரட்டிப் பார்த்திருந்தால் டச்சுக்காரன் இந்நேரம் தோற்றே போயிருப்பான். உள்ளேயிருந்து குரல் வரும்: "நேத்து வாங்கினதே பிரிட்ஜில கெடக்கு, ஓர்மை உண்டா?"

ஒரு தடவை சாயாக்கடையில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். நம்ம நாகர்கோவில் சுந்தர ராமசாமி ஜவுளிக்கடை நடத்திக்கொண்டேதான் எழுதினார். தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரானுக்கு மிளகாய் வற்றல் வியாபாரம். நாஞ்சில் நாடன் பம்பாயில் விற்பனை வேலையாக அலைந்தார். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் இருந்துகொண்டு இத்தனை பக்கம் எழுதினார். அவர்களுக்கெல்லாம் இல்லாத தொந்தரவா உமக்கு?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வே, அவங்கள்லாம் வெளிய வேலைக்குப் போனவங்களாக்கும். அங்க யாரு வந்து தேங்காய்ச் சிரட்டை எங்கன்னு கேக்கப் போறா? வீட்டுல இருந்து எழுதிப் பாரும், தெரியும்!" சாயாவுக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

ஊர் அம்மனோ புற்று வடிவானவள். சுமார் பதினைந்து அடி உயரம், தானே வளர்ந்தது என்பது நம்பிக்கை. புற்று என்றால் வால்மீகி நினைவு வராமல் இருக்காது. மேலே கறையான் ஏறிப் புற்றே கட்டி முடித்தும் அந்த மனுஷன் அசையவில்லையாம். நம்மவரை ஒரு கொசு கடித்துவிட்டால் அன்றைய அத்தியாயம் போச்சு. எழுதாமல் இருந்தே தலைவலியும் வந்துவிடும். நல்லவேளை, அதற்கு இந்த ஊரிலேயே மருந்து உண்டு. தலைவலி தீர மண்டையப்பம் நேர்ந்துகொள்வது இங்கே வழக்கம், அரிசிமாவும் வெல்லமும் சேர்த்து ஆவியில் வேகவைப்பது. அவருக்காக நேர்ந்துகொள்வது வீட்டுக்காரி. உண்மையில் யாருடைய தலைவலிக்கு என்று நான் கேட்கவில்லை.

அம்மன் கோவில் திருவிழாவான மாசிக் கொடைதான் அவருக்குப் பொற்காலம். பத்து நாளும் தெருவெங்கும் ஒலிபெருக்கி. இருமுடி சுமந்து கூட்டம் கூட்டமாக வரும் பெண்கள். சமய மாநாட்டுப் பேச்சு. கேரளத்திலிருந்து வந்து இறங்குகிற சொந்தபந்தம். ஏன் எழுதவில்லை என்று அப்போது யாரும் கேட்க முடியாது. முகத்தில் ஒரு தெளிவு வந்துவிடும். கொடை கழியட்டும் என்பார். கழிந்தால் எட்டாம் கொடை. அதுவும் கழிந்தால் பங்குனியில் பரணிக் கொடை. பிறகு பள்ளிக்கூட லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்துவிடும். அவை போகவும் இடவப்பாதி மழை பிடிக்கவும் சரியாக இருக்கும். மழை பிடித்தால் கரண்டு நிற்காது. கரண்டு இருக்கிற நாளில் ஈரத்துக்குத் தும்மல்.

சும்மா சொல்லக்கூடாது, கதை அவருக்கு அத்துப்படி. ஒருநாள் மாலை கடற்கரையில் உட்கார்ந்து, சிறைப்பட்ட டிலனாய் மகாராஜாவின் முன்னால் முதன்முதலாக நிற்கிற இடத்தைச் சொன்னார். சுண்டல் விற்கிற பையன் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். அதை அப்படியே எழுதும் ஓய் என்றேன். சொல்லியாச்சே, இனி எழுதினால் சுவை இருக்காது என்றார்.

ஆகவே கொடைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மனைக் கும்பிடுங்கள், கடலில் கால் நனையுங்கள், அப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வலிய வந்து குளச்சல் போரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், கேள்விப்பட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். நாவல் எப்போது வரும் என்று மட்டும் வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதீர்கள். நாகர்கோவில் போகிற கடைசி பஸ் போய்விடும்.