நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் எழுதுவது

இலங்கை மத்திய வங்கியில் இருந்து ஊழியர் சேமலாப நிதியத்தைக் காத்துவரும் பெரியவர்களுக்கு,

வட்டவளையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் எழுதிக்கொள்வது. மழையும் அட்டையும் நலம்.

அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் நாங்கள். 1958இல் வந்த சட்டத்தின்படி, இன்று எங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டக் கம்பெனி போடும் 12 வீதமும் நிதியத்துக்கு வந்து, பெரும்பகுதி திறைசேரி முறிகளாகிறது. ஒழுகும் லயத்தில் இருந்துகொண்டு அரசாங்கத்தையே தாங்குகிறோம் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டு எங்கள் சேமிப்பைக் கரைத்தது. மிச்சத்தைக் கவனிக்க 2023இல் கடன் மறுசீரமைப்பு வந்தது. பழைய முறிகளைப் புதிய முறிகளாக மாற்றிக்கொண்டால் நிதியத்தின் முறி வருமானத்துக்கு 14 வீத வரி, மறுத்தால் 30 வீதம். இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? புதிய முறிக்கு வட்டி 2026 ஜனவரி வரை 12 வீதம், பிறகு 9. பாவம், வங்கிகளுக்கு விலக்கு. வெளிநாட்டுக் கடன்காரர்களோடு மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. எங்களைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. விடிந்தால் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில்தான் நிற்போம்.

தோட்டத்திலும் இதே கணக்குத்தான். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று மேளம் கொட்டினார்கள். அடிப்படை 500, மிச்சமெல்லாம் வரவுக்கும் உற்பத்தித்திறனுக்கும் விலைக்குமான கொடுப்பனவு. சேமலாப நிதி அடிப்படைக்குத்தான். ஆக, எங்கள் கைகள் 730க்கு உழைத்தன, எங்கள் முதுமை 500க்கு உழைத்தது. நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கிலோக் கணக்கில் கைக்காசுக்கு எடுக்கும் நாளில் சேமலாப நிதி இல்லை, ஆக முதுமையே கிடையாது. மலையைத் துண்டு போட்டுக் கொடுத்து கிலோவுக்குக் காசு தரும் புதுமுறையிலோ நாங்கள் தொழிலாளிகளே இல்லை, பங்காளிகளாம். அரசாங்கத்தின் சொந்தத் தோட்டங்களே சேமலாப நிதியைப் பாக்கி வைத்தபோது கம்பெனிகளைச் சொல்லிக் குற்றமில்லை.

இத்தனையும் தாண்டி, 50 வயதில் காசை எடுக்கப் போனால் பெயர் இடிக்கும். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியாய், பிறப்புச் சான்றிதழில் மாரியம்மா. மூவரும் ஒருத்திதான் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டும். முறையான ஏற்பாடுதான், பணவிஷயத்தில் ஆள் யாரென்று தெரிய வேண்டாமா?

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை அரசாங்கம் கடன் கேட்டு வரும்போது, இந்த வட்டி தருகிறேன் என்று பத்திரத்தில் ஒப்பமிட்டவரும் பிறகு அதைக் குறைத்தவரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செக்ரோலில் உள்ளபடி,
வட்டவளைக் கொழுந்துக்காரிகள்