தொலைந்த யானையும் வாய்க்கால் தகராறும்

மலேசியாவின் தைப்பிங்கில் யாரிடமும் "இன்றைக்கு மழை வருமா?" என்று கேட்டுவிடாதீர்கள். வெளியூர்க்காரன் என்று தெரிந்து கோப்பிக்கடையில் இரண்டு வெள்ளி கூடுதலாக வாங்கிவிடுவார்கள். "எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று பங்கு. எங்கள் ஊர்ப் பெண்கள் துணியைக் காயப்போட்டால் கொடிக்கயிற்றை விட்டு ஐந்தடி நகர மாட்டார்கள்.

இப்படி வானம் அள்ளிக் கொட்டுகிற ஊரில் முதல் பெரிய சண்டை எதற்காக வந்தது தெரியுமா? தண்ணீருக்காக.

அதற்கு முன்னால் யானையைச் சொல்லிவிட வேண்டும். 1840களில் இந்தப் பக்கத்துக்குப் பெரிய தலை லோங் ஜாஃபார். அவரிடம் லாருட் என்று ஒரு யானை. ஒரு நாள் அது காணாமல் போனது. மூன்று நாள் கழித்துத் தானாகவே வந்து நின்றது. காலெல்லாம் சேறு, சேறெல்லாம் ஈய மணல். கதை இவ்வளவுதான். அந்த மூன்று நாளும் பாகன் எங்கே படுத்துக் கிடந்தான் என்பதைப் பற்றி வரலாறு வாயே திறப்பதில்லை. இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று யானையைச் சொல்வார்கள். தொலைந்தால் எத்தனை பொன் என்று கண்டுபிடித்தவர் லோங் ஜாஃபார்தான். லாருட்டின் முதல் நில ஆய்வாளருக்குச் சம்பளமும் இல்லை, பங்கும் இல்லை. மாவட்டத்துக்கு அதன் பெயரை வைத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் மாவட்டத்தின் பெயர் லாருட் என்றுதான் தொடங்குகிறது. ஒரு யானையின் பெயரை எழுதித்தான் நாங்கள் அரசாங்கப் பாரங்களில் கையெழுத்துப் போடுகிறோம்.

யானை சேற்றோடு வந்தது, லோங் ஜாஃபார் பேப்பரோடு போனார். 1850இல் லாருட்டைத் தன் பொறுப்பில் விட்டதாகப் பேராக் சுல்தானிடம் எழுதி வாங்கிக்கொண்டார். பினாங்கிலிருந்து சீனத் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். ஹக்கா மக்கள் கிளியான் பாவில் தோண்டினார்கள். அதுதான் இன்றைய தைப்பிங். கண்டனிஸ்காரர்கள் கிளியான் பாருவில் தோண்டினார்கள். அது இன்றைய கமுண்டிங். முன்னவர்களின் சங்கம் ஹை சான், பின்னவர்களின் சங்கம் கீ ஹின். இரண்டுமே ரகசியச் சங்கங்கள் என்று புத்தகங்கள் சொல்கின்றன. பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

ஈயம் எடுப்பது எப்படி என்று தெரிந்தால்தான் சண்டை புரியும். பெரிய பள்ளம். அதற்குள் இறங்க ஏணி கிடையாது. முழு மரத்தைச் சாய்த்துப் போட்டு, அதில் கால் வைக்கிற அளவுக்கு வெட்டு வெட்டியிருப்பார்கள். தோளில் ஒரு கம்பு, அதன் இரண்டு பக்கமும் மண் நிறைந்த கூடை. முருகனுக்கு வேண்டிக்கொள்ளாமலே தினமும் காவடி. ஏறி வந்து அந்த மண்ணை மரத்தொட்டியில் கொட்டி, மேலே தண்ணீரை ஓடவிட்டால், லேசான மண் போய்விடும், கனமான ஈய மணல் அடியில் தங்கும். ஆக, கழுவத் தண்ணீர் வேண்டும். இதற்கிடையே பள்ளத்தில் வேறு தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதை இறைக்க, பலகைகளைக் கோத்த ஒரு மரச் சங்கிலி. சங்கிலியைச் சுற்ற ஒரு நீர்ச்சக்கரம். சக்கரத்தைச் சுற்ற வாய்க்கால் தண்ணீர். தண்ணீரை வெளியேற்றவே தண்ணீர் வேண்டும்! கடனை அடைக்கக் கடன் வாங்குகிற குடும்பம் மாதிரி.

ஆகவே வாய்க்கால்தான் உயிர். தஞ்சாவூர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். மடையை யார் திருப்பினான் என்று அரிவாளைத் தூக்கிய பரம்பரை. 1861இல் ஒரு வாய்க்கால் விஷயமாக ஹை சானும் கீ ஹின்னும் மோதிக்கொண்டன. லோங் ஜாஃபார் அதற்குள் காலமாகி, மகன் ங்கா இப்ராஹிம் பொறுப்பில் இருந்தார். அவர் ஹை சான் பக்கம் சாய்ந்தார். கீ ஹின்காரர்கள் துரத்தப்பட்டார்கள். அவர்கள் நேரே பிரிட்டிஷாரிடம் போய், நாங்கள் பினாங்குக்காரர்கள், உங்கள் குடிமக்கள், எங்களுக்கு நஷ்டஈடு வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை 17,447 டாலர். அந்தக் கடைசி ஏழு டாலரை நான் ரசிக்கிறேன். யாரோ ஒரு கிராணி உட்கார்ந்து, உடைந்த கூடை இத்தனை, தொலைந்த செருப்பு இத்தனை என்று கூட்டியிருக்கிறான். பிரிட்டிஷார் 1862இல் கப்பலைக் கொண்டுவந்து லாருட் ஆற்று வாயை அடைத்தார்கள். ங்கா இப்ராஹிம் பணத்தைக் கட்டினார். அதற்குப் பதிலாகச் சுல்தானிடமிருந்து மந்திரி பட்டம் வந்து சேர்ந்தது. கொள்முதல் விலை தெரிந்த பட்டம்.

இரண்டாவது சண்டை 1865இல், சூதாட்ட மேசையில் தொடங்கியது. மூன்றாவது 1872இல். ஒரு பக்கத்துத் தலைவனுக்கும் மறுபக்கத்துத் தலைவனின் உறவுக்காரன் மனைவிக்கும் தொடர்பு என்று பிடித்து, இருவரையும் கூடையில் அடைத்து ஈயக்குட்டையில் மூழ்கடித்தார்கள் என்பது கதை. பிறகு பல்லாயிரம் பேர் வெட்டிக்கொண்டார்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை, அந்தக் கூடைக்காரியின் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒன்று தோன்றாமல் இருக்காது. சூது இருக்கிறது, பெண் இருக்கிறாள், பங்காளிப் பகை இருக்கிறது. கண்ணன்தான் இல்லை.

மந்திரி ங்கா இப்ராஹிம் இந்தக் கட்டத்தில் ஒரு புதிய கலையை வளர்த்தெடுத்தார். 1872 தொடக்கத்தில் கீ ஹின் ஜெயித்தது. அவர் கீ ஹின் பக்கம் போனார். அதே ஆண்டுக் கடைசியில் ஹை சான் திரும்பி வந்து ஜெயித்தது. அவர் ஹை சான் பக்கம் வந்தார். கட்சி தாவுகிறவர்களை மலேசியாவில் தவளை என்கிறோம். தவளைக்கு மழை வேண்டும். தைப்பிங்கில் மழைக்குப் பஞ்சமா?

கண்ணன் இடத்தை நிரப்ப வந்தவர் கேப்டன் ட்ரிஸ்ட்ராம் ஸ்பீடி. ஆறடிக்கு மேல் இன்னும் அரை அடி உயரம், சிவந்த தாடி, அபிசீனிய உடை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் பிரியம். 1868இல் பிரிட்டிஷ் படை எத்தியோப்பியாவின் மக்டாலா கோட்டையைப் பிடித்தபோது, தந்தையை இழந்த இளவரசன் அலெமாயெஹுவுக்குப் பாதுகாவலராக இருந்தவர் இவர்தான். பிறகு பினாங்கில் போலீஸ் அதிகாரி. 1873இல் அந்த வேலையை உதறிவிட்டு மந்திரியிடம் சேர்ந்து, இந்தியாவுக்குப் போய்ச் சிப்பாய்களாக 110 பேரைத் திரட்டி வந்தார், கூடவே க்ருப் நிறுவனப் பீரங்கிகளும். கூலிப்படைத் தலைவனாக லாருட்டில் இறங்கிய மனிதன், அடுத்த ஆண்டே அதே லாருட்டுக்கு பிரிட்டிஷ் உதவி ரெசிடெண்ட். இதைத்தான் பதவி உயர்வு என்பது. அந்தச் சிப்பாய்க் கூட்டம் பின்னால் பேராக் சீக்கியர் படையாகி, 1896இல் மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் ஆனது.

1874 ஜனவரி 20இல் பங்கோர் தீவருகே கப்பலில் ஒப்பந்தம். அமைதியைக் கெடுத்தால் 50,000 டாலர் அபராதம் என்று சீனத் தலைவர்களிடமும் எழுதி வாங்கினார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாக வெட்டிக்கொண்டவர்கள் அபராதத் தொகையைக் கேட்டதும் அடங்கிவிட்டார்கள். கிளியான் பாவுக்குத் தைப்பிங் என்று புதுப் பெயர் வைத்தார்கள். பெரும் அமைதி என்று பொருள். பெயர் வைத்தவர்கள் பத்திரிகை படிக்காதவர்களாக இருக்க வேண்டும். அதே தைப்பிங் பெயரில் சீனாவில் 1850 முதல் 1864 வரை ஒரு கலகம் நடந்து, இரண்டு கோடிப் பேருக்கு மேல் செத்து முடிந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. கறுப்பாகப் பிறந்த பிள்ளைக்கு வெள்ளையம்மா என்று பெயர் வைப்பதை நாமும்தான் செய்கிறோம், விடுங்கள்.

மந்திரி? பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட விவகாரத்தில் அவரையும் சேர்த்து, 1877இல் சுல்தான் அப்துல்லாவோடு செஷல்ஸ் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தீவில் கேட்ட மெட்டுத்தான் பேராக் கீதமாகி, அப்புறம் தேசிய கீதமான நெகாராக்கூ ஆனது என்று சொல்வார்கள். நாடு கடத்தியதில் நாட்டுக்கு ஒரு பாட்டு மிச்சம்.

சண்டைத் தலைவர்கள் வீணாகவில்லை. ஹை சான் தலைவர் சுங் கெங் குவி கப்பித்தான், அதாவது சீனர்களின் தலைவர் ஆனார், கோடீஸ்வரர் ஆனார். பினாங்கு சர்ச் ஸ்திரீட்டில் கீ ஹின் சங்கத்தின் பழைய தலைமையகத்தையே வாங்கி அங்கே தன் மாளிகையைக் கட்டினார். சுற்றுலாப் பயணிகள் இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பெரானாக்கான் மாளிகை அதுதான். போரில் ஜெயித்ததை எதிரியின் வரவேற்பறையில் உட்கார்ந்து கொண்டாடியவர்கள் உலக வரலாற்றிலேயே கொஞ்சம் பேர்தான்.

அமைதி வந்ததும் அரசாங்கம் சிறை கட்டியது: 1879. நான்கு வருடம் கழித்து, அதே சாலையில் நேர் எதிரே அருங்காட்சியகம்: 1883. பாடம் செய்த விலங்குகள் ஒரு பக்கம், பாடம் கற்க வேண்டியவர்கள் மறுபக்கம். ஈயம் தீர்ந்த குட்டைகளை ஏரிப் பூங்காவாக்கினார்கள். கரையில் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரம் நட்டார்கள். அவை இன்று சாலையைத் தாண்டித் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் கிளையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு காலத்தில் காதலர்களைக் கூடையில் போட்டு இறக்கிய மாதிரிக் குட்டைகள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவற்றின் கரையில் உட்கார இடம் கிடைக்காது.

அப்புறம் ரயில். 1885 ஜூன் 1ஆம் தேதி, மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. எட்டு மைல். நான் தினமும் சைக்கிளில் போய்வந்த தூரம்தான், ஆனால் நான் ஈயம் ஏற்றிக்கொண்டு போகவில்லை. சதுப்பு நிலத்தில் மண் கொட்டி அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து சிலோன் பயனியர் படையின் இரண்டு பிரிவுகளைக் கூட்டி வந்தார்கள். பிறகு தண்டவாளத்துக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் வந்தார்கள். தமிழ்நாட்டுக் கூலிகள் ரப்பர் பால்மரத்துக்குப் போனார்கள். துறைமுகத்துக்கு ஆளுநர் வெல்டின் பெயர். பின்னால் இருக்கிற மலைக்கு மேக்ஸ்வெல் பெயர், இப்போது புக்கிட் லாருட், அதாவது மறுபடியும் யானை. மண் சுமந்தவன் பெயரில் ஒரு சந்துகூட இல்லை.

போர்ட் வெல்டுக்கு இன்று கோலா செப்பெத்தாங் என்று பெயர். தண்டவாளம் போய்விட்டது. பழைய ஸ்டேஷன் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என்று நான்கு எழுத்திலும் ஊர்ப்பெயர். ரயில் இல்லாத ஊரில் நான்கு மொழியில் ஸ்டேஷன்.

போன மாதம் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத் தைப்பிங் திரும்பி, சந்தைக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் உட்கார்ந்தேன். எதிரே ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மாமா. வானத்தைப் பார்த்தார். மலை உச்சி தெரியவில்லை.

"என்னா தம்பி, எத்தனை மணி?"

"நாலு மணிக்கு மாமா."

"மூணே காலு. தே தாரிக் பந்தயம்."

இந்த ஊரில் மழை நேரத்தின் மேல் பந்தயம் கட்டுவது பழைய வழக்கம். 1861இல் தண்ணீருக்குச் சண்டை போட்டவர்கள், 1865இல் சூதுக்குச் சண்டை போட்டவர்கள், கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். நான் கைப்பேசியில் வானிலை பார்த்தேன். அது நாலரை என்றது. மாமா அதை எட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் தன் குடையை நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

மூன்று பத்துக்குத் தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. ஐந்து நிமிட வித்தியாசத்துக்காக நான் வாதாடிப் பார்த்தேன். "அப்போ 17,447 டாலர் கேட்டு கேஸ் போடு" என்றார். இரண்டு தே தாரிக்குக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.