ஜாருக்குள் போன லோகோ

கேள்வி: என் ஜாவா புரோகிராமை எக்லிப்ஸில் ஓட்டினால் லோகோ வருகிறது. ஜாராகக் கட்டிக் கொடுத்தால் மாயமாகிவிடுகிறதே, ஏன்?
- கல்லூரி மாணவர், நெய்வேலி

பதில்: லோகோ எங்கும் ஓடிவிடவில்லை. தேடுகிறவர்தான் தப்பான தெருவில் நிற்கிறார்.

ஜார் என்பது ஜிப்தான். நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து ‘பிகே’. 1989-இல் ஜிப்பைக் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் இனிஷியல் அது. எக்லிப்ஸில் படம் நிஜ ஃபோல்டரில் கிடந்ததால் ‘நியூ ஃபைல்’ என்று எழுதியது பலித்தது. கட்டிய பிறகு அது ஜிப்புக்குள் ஒரு பதிவு மட்டுமே. ஃபைல் கிளாஸோ டிஸ்க்கைத் தாண்டி எட்டிக்கூடப் பார்க்காது.

நெய்வேலிக்காரருக்கு இது புரியாதா? அனல் மின் நிலையம் பழுப்பு நிலக்கரியைத் தேடிச் சுரங்கத்துக்குள் இறங்குவதில்லை. கன்வேயர் பெல்ட் கொண்டுவந்து கொட்டுகிறது. ஃபைலுக்குப் பதில் நீங்கள் கூப்பிட வேண்டிய ‘கெட் ரிசோர்ஸ் ஆஸ் ஸ்ட்ரீம்’ மெத்தட் செய்வதும் அதையே. 1997-இல் வந்த ஜாவா 1.1 முதலே இருக்கிறது.

சில்லறைத் தொல்லைகள் உண்டு. கிளாஸ் வழியே கேட்கும்போது பாதைக்கு முன்னால் சாய்கோடு போட்டால் ஜாரின் உச்சியிலிருந்து தேடும்; போடாவிட்டால் அந்த கிளாஸின் பேக்கேஜில். கிளாஸ்லோடரிடம் கேட்டால் முன்சாய்கோடே கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதத்தை விண்டோஸ் மன்னிக்கும், ஜார் மன்னிக்காது. கிடைக்கவில்லை என்றால் வாய் திறக்காமல் ‘நல்’ ஒன்றை நீட்டும், அவ்வளவுதான்.

அடுத்த கேள்வியும் தெரியும்: செட்டிங்ஸை அதே ஜாருக்குள் சேமிக்கலாமா? வேண்டாம், பயனரின் ஹோம் ஃபோல்டரில் வைக்கட்டும்.