மஞ்சத்துணிக் கட்டு

மாப்ளே, பஸ் ஸ்டாண்டு முக்குல உன் மூஞ்சியப் பாத்தேன். பத்தடி பிளெக்ஸ், கூலிங் கிளாசு, கையக் கட்டிக்கிட்டு ஒரு நிலை. கீழ 'சூப்பர்வைசர் பதவியேற்கும் சிங்கமே'ன்னு எழுத்து வேற. ஷிப்டு சூப்பர்வைசர்தானப்பா ஆகிருக்க, மதுரை மேயரா ஆன? இருக்கட்டும். போன மாசம் வரைக்கும் டீக்கடையில 'மேல இருக்கிறவனுக்கு என்ன தெரியும்'னு கத்துனவன் நீ. இனி அந்தப் பக்கம் வந்துறாத. அங்க பேச்சே உன்னப் பத்தித்தான்.

வேடசந்தூர் ரோட்டு மில்லுகள நம்பித்தான் இங்க எத்தனையோ வீட்டுல அடுப்பு எரியுது. நீ சைடரா இருந்தப்ப உன் பிரேம்ல நூல் அறுந்தா ஒட்டுவ, சோலி முடிஞ்சது. இப்ப எவன் பிரேம்ல அறுந்தாலும் உன் பேருலதான் எழுதுவாங்க. ஷிப்டு நல்லா ஓடுச்சுன்னு வையி, மேனேஜர் வந்து மிசினத் தட்டிக்குடுத்துட்டுப் போவாரு. உன்னைய இல்ல.

அதட்டுறதுக்கு உனக்கு யாரும் சொல்லித்தர வேணாம், ரத்தத்துலயே இருக்கு. ஒடிசாவுலேர்ந்து வந்த புள்ளைக்கு மேலுக்கு முடியலைன்னா அதுக்குத் தெரிஞ்ச பாசையிலதான சொல்லும்? வெளங்கலைன்னா எகிறாத. 'சாப்ட்டியா, காச்சலா'ன்னு கேக்குறதுக்கு அவங்க பாசையில ரெண்டு வார்த்தை கத்துக்க. சினிமாப் பாட்டு அம்புட்டும் இந்தியில பாடுறேல்ல? பொம்பளப் புள்ளைக பாலியல் தொந்தரவப் பத்திப் புகார் சொல்ல ஒரு குழு இருக்கணும்னு 2013லயே சட்டம் போட்டாச்சு. உங்க மில்லுக் குழுவுல யாரு யாரு இருக்காங்கன்னு கேட்டா மோட்டைப் பாக்குற. மொத அதத் தெரிஞ்சுக்க, பெறகு மீசைய முறுக்கலாம்.

அடுத்தது நோட்டு. பன்னண்டு மணி நேரம் நின்னவன எட்டுன்னு எழுதச் சொல்வாங்க. கூடுதல் நேரத்துக்கு ரெட்டைக் கூலின்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே போட்டாச்சு. ரெட்டைக் கூலிய மிச்சம் புடிக்கிறதுக்குத்தான் அந்த எட்டு. கையெழுத்து மட்டும் உன்னுது.

இந்தப் பொய்க்கணக்கு நம்மூருக்குப் புதுசுன்னு நெனைக்காத. அந்தா நிக்குதே திண்டுக்கல் மலைக்கோட்டை, 1755ல அங்க பௌஜ்தாரா, அதான் படைத்தளபதியா, வந்தாரு ஐதர் அலி. அதுவும் பிரமோசன்தான். பாளையக்காரங்களோட சண்டை போட்டுட்டு, காயம்பட்ட சிப்பாய்களுக்குப் படி வேணும்னு மைசூர் சர்க்காருக்கு எழுதுனாரு. எண்ணிப் பாக்க ஆள் வந்தப்ப, மஞ்சத்தண்ணியில நனைச்ச துணியக் கையிலயும் காலுலயும் சுத்திக்கிட்டு 700 பேரு நின்னாங்களாம். நெசமா அடிபட்டவங்க 67 பேருதான். மைசூர்ச் சரித்திரம் எழுதுன கர்னல் வில்க்ஸ் சொல்லுறாரு, நான் சொல்லல. மிச்சக் காசு யாரு மடிக்குப் போச்சுன்னு உனக்கே தெரியும், நீயும் ஊர்த்திருவிழா வசூலுக்குப் போனவன்தான.

இதக் கேட்டதும் கண்ணு மின்னுது பாரு! தன்னைய ஐதர்னே நெனைச்சுட்டான். அடேய், ஐதர் ஆளு வேற. படைய நடத்தத் தெரிஞ்சவரு, பின்னால மைசூரையே ஆண்டவரு. உங்க மில்லுல அந்த எடத்துல மேனேஜர் ஒக்காந்துருக்காரு. ஐதர்கிட்டக் கணக்கெழுத கண்டே ராவுன்னு ஒருத்தரு இருந்தாரு, உன் எடம் அது. அவரு 1760ல ஐதரையே எதுத்துக்கிட்டாரு. தோத்து மாட்டுனப்ப, அவரக் கிளி மாதிரிப் பாத்துக்கிறேன்னு வாக்குக் குடுத்தாரு ஐதர். சொன்ன சொல்லு தப்பல. இரும்புக் கூண்டுல போட்டு, சோறும் பாலும் வச்சாரு.

லேபர் ஆபீசர் வந்து நோட்டப் பெரட்டுற அன்னிக்கு மேனேஜர் லீவுல இருப்பாரு. இப்பவே கேட்டு வச்சுக்கிறேன், உனக்குப் பால்சோறு எறங்குமா? ஞாயித்துக்கிழமையானா சீரகச்சம்பா பிரியாணி இல்லாம எந்திரிக்க மாட்டியேப்பா.