கம்பைல் நேரம்: அளந்தே குறைப்பது எப்படி?

லினக்ஸ் கர்னலைக் கம்பைல் செய்ய நேரமாகிறதா? கோடு, கம்பைலர் எதையும் தொடாதீர்கள். அளக்கிற விதத்திலேயே பாதியாக்கலாம். 32 கோர் மிஷின் ஒன்று இருந்தால் போதும்.

1. ரீபூட் செய்த கையோடு ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். இது ‘முன்பு’. பிறகு ‘மேக் கிளீன்’ கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். இது ‘பின்பு’. சோர்ஸ் கோப்புகள் இப்போது பேஜ் கேஷில் இருக்கும், டிஸ்க்குக்குப் போகிற வேலை மிச்சம். இடையில் எந்த செட்டிங்கை மாற்றியிருந்தாலும் புகழை அதற்கே கொடுத்துவிடுங்கள்.

2. போதவில்லையா? ‘சிகேஷ்’ போடுங்கள். ஏற்கெனவே கம்பைல் ஆனதை அது அப்படியே எடுத்துத் தரும். ஒரு வரிகூட மாறாத கர்னலை இரண்டாம் தடவை ஓட்டுங்கள். மாறாததை எதற்குக் கம்பைல் செய்கிறாய் என்று கேட்டால், ‘பெஞ்ச்மார்க்’ என்று சொல்லுங்கள்.

3. ‘முன்பு’ ஓட்டத்தில் ‘ஆல்மாட்கான்ஃபிக்’ வையுங்கள்; முடிந்த டிரைவரையெல்லாம் மாட்யூலாகக் கட்டும். ‘பின்பு’ ஓட்டத்தில் ‘டைனிகான்ஃபிக்’. இரண்டும் கர்னல்தானே? ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ பக்கம் மட்டும் போகாதீர்கள். மிஷினில் அப்போது ஓடுகிற மாட்யூல்களை மட்டும் கட்டி, நேரத்தை நிஜமாகவே குறைத்துத் தொலைக்கும்.

4. ‘டைம்’ கட்டளை மூன்று எண் தரும். ‘ரியல்’ கடிகார நேரம். ‘யூசர்’ என்பது எல்லா கோர்களும் உங்கள் புரோகிராமுக்காக உழைத்த நேரத்தின் கூட்டுத்தொகை. ‘முன்பு’க்கு யூசரை எழுதுங்கள், ‘பின்பு’க்கு ரியலை. பல மடங்கு முன்னேற்றம் கைமேல் கிடைக்கும்.

5. மேக்கில் ‘ஜே’ போடுங்கள், எண் போடாதீர்கள். எத்தனை வேலையை ஒரே நேரத்தில் தொடங்கலாம் என்பதற்கு வரம்பே இருக்காது. ரேம் நிரம்பும், ஸ்வாப் நிரம்பும், கடைசியில் ‘ஓஓஎம் கில்லர்’ வந்து கம்பைலரையே தீர்த்துக்கட்டும். பதறாதீர்கள். பாதியில் செத்த கம்பைலுக்கு எப்போதும் நேரம் குறைவுதான். குறித்துக்கொள்ளுங்கள்.

6. ஒரே தடவை அளந்தால் போதும். மூன்று தடவை ஓட்டினால் மூன்று எண் வரும். சூடேறிய மிஷின் வேகத்தைக் குறைத்துக்கொள்வதெல்லாம் தெரியவரும். எதற்கு வம்பு?

7. இன்னும் கோர் கேட்டு மனுப் போடுங்கள். வேலையில் 5% வரிசையாகத்தான் நடக்கும் என்றால் 32 கோருக்குச் சுமார் 12.5 மடங்கு வேகம், 64 கோருக்கு 15.4, கோடி கோர் போட்டாலும் 20ஐத் தாண்டாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இலேயே வைத்த வாதம் இது. மனுவில் சேர்க்க வேண்டாம். கடைசியில் கர்னல் கோப்பான ‘விஎம்லினக்ஸ்’ லிங்க் ஆகும்போது ஒரு கோர் உழைக்க, மற்றவை வேடிக்கை பார்க்கும். அந்த நேரம் பார்த்து மேலாளரை டீக்கு அழைத்துப் போங்கள்.

8. கர்னல் டெவலப்பர் இங்கோ மோல்னாரைப் பின்பற்றாதீர்கள். கம்பைல் நேரம் குறைய, ஹெடர் கோப்புகளின் சிக்கலை அவிழ்க்க ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்து, 2022 ஜனவரியில் 2,297 பேட்ச்களை முன்வைத்தார். நம் ‘மேக் கிளீன்’ இரண்டே சொல்.

9. எண்ணை வெளியிடும்போது கர்னல் பதிப்பு, கான்ஃபிக், கம்பைலர் எதையும் சொல்லாதீர்கள். யாராவது அளந்து பார்த்து வேறு எண்ணோடு வந்தால், அவர் மிஷினைப் பற்றி அனுதாபத்தோடு விசாரியுங்கள்.