பழவுந்தியம்: கிளாசிக் கார்களின் விலை பற்றிய ஆய்வு முன்னோட்டத்துக்கு ஒரு முன்னுரை

உலகில் கார்கள் உள. அவை பழையன, புதியன என இரு வகைப்படும். பழையன மேலும் இரு வகைப்படும்: காயலான் கடைக்குப் போவன, ஏலக் கூடத்துக்குப் போவன. முன்னவை எடைக்கு விற்கும். பின்னவை கதைக்கு விற்கும். இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றிற்று என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நோக்கம் என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்பது ஆய்வு மரபு.

இத்துறைக்குத் தமிழில் முதனூல் இல்லை. ஆதலின் ‘பழவுந்தியம்’ என ஒன்றை நாமே யாத்து, அதற்கு உரையும் நாமே கண்டு, அவ்வுரையை நாமே மறுத்து, அந்த மறுப்பையே மேற்கோளாகவும் காட்டியிருக்கிறோம். மற்றவர் செய்வதும் இதுவே. நாம் வெளியில் சொல்கிறோம்.

ஓடித் தேய்வது உந்தெனப் படுமே;
ஓடாது விலைமட்டும் உயர்வது கிளாசிக்.
(பழவுந்தியம், நூ. 1)

இதற்குச் சான்று, மெர்சிடிஸ் பென்ஸ் 1955இல் செய்த 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹாட் கூபே. செய்தது மொத்தம் இரண்டு. பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி. ஆனால் அவ்வாண்டு முடிவில் கம்பெனி பந்தயத்தை விட்டே விலகிவிட்டதால் ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. வடிவமைத்த பொறியாளர் ஊலன்ஹாட் அதைத் தம் ஆபீஸ் காராக வைத்துக்கொண்டார். 2022 மே மாதம் அவ்விரண்டில் ஒன்று 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. பந்தயக் கார் பந்தயத்தில் ஓடாமல் இருப்பதன் சிறப்பு இதனால் விளங்கும் (விரிவுக்குக் காண்க: நூ. 1, நம் உரை, மறுப்புக்குக் காண்க: அதே இடம்).

விலை ஏறுவதற்குக் காரணங்கள் ஏழு என்பர் ஒரு சாரார். அச்சாராரும் நாமே. அவற்றுள் அழகு என்பது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேகத்தைத் தள்ளிவிடலாம், இன்று கடனில் வாங்கிய குடும்பக் கார்கூட அந்தக் காலச் சிங்கங்களில் பலவற்றை முந்தும்.

அருமை என்பது சற்றுச் சிக்கலானது. 1920களின் பிற்பகுதியில் எத்தோரே புகாட்டி, மன்னர்களுக்கென்று 12.7 லிட்டர் என்ஜின் வைத்து ‘ராயல்’ என்ற காரை வடித்தார். 25 செய்வதாகத் திட்டம். உலகம் பொருளாதார மந்தத்தில் விழுந்தது. மன்னர் ஒருவரும் வாங்கவில்லை; விலை கொடுத்து வாங்கிய வெளியாட்கள் மூவர். மிஞ்சிய என்ஜின்கள் பிரெஞ்சு ரயில்களை ஓட்டப் போயின. இன்று இருப்பவை ஆறு கார்கள். 1987இல் அவற்றில் ஒன்றை லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஏலம் விட்டபோது 55 லட்சம் பவுன். ஆக, அம்மூவர் தவிர யாரும் வாங்காததால் அரிதாயிற்று. அரிதானதால் ஆளாளுக்கு முண்டியடிக்கிறார்கள். அங்ஙனமாயின் விற்காமல் கிடக்கும் எதுவும் காத்திருந்தால் பொன்னாகுமோ எனின், ஆகாது. கவிதைத் தொகுப்புகள் உள.

அடுத்தது புழுதி. பிரான்சின் மேற்கே ஒரு பண்ணையில் பையோன் குடும்பம் சேர்த்துவைத்து மறந்துபோன கார்கள் 2014இல் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று ஒருகாலத்தில் நடிகர் அலன் டெலோனிடம் இருந்த ஃபெராரி 250 ஜி.டி. கலிஃபோர்னியா ஸ்பைடர். அது பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. மறு ஆண்டு பாரிஸ் ஏலத்தில் 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் விலை போயிற்று. பழைய பத்திரிகைகளால் ஒரு பொருளின் மதிப்பு கூடியதாக நாம் அறிந்த நிகழ்வு இஃதொன்றே. புழுதியைத் துடைத்தால் அது பழைய கார். துடையாமல் விட்டால் அது கண்டெடுப்பு. ஏலத்துக்கு முன் யாரும் துணியை எடுக்கவில்லை (நூ. 4, புழுதியுரை, இடப்பக்க ஓரக்குறிப்பு, எலி தின்றது போக எஞ்சிய பகுதி).

உடையவர் பெருமையாலும் விலை ஏறும். ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங் 1974இல் 6,000 டாலருக்குக் கைமாறி, பிறகு ஓர் ஆசிரியையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது. 1977இல் மெக்வீனே கடிதம் எழுதித் திருப்பிக் கேட்டும் கிடைக்கவில்லை. 2020இல் ஏலத்தில் கூவிய விலை 34 லட்சம் டாலர். ஆசிரியை அமர்ந்ததற்காக விலை ஏறியதாக எவரும் சொல்லக் காணோம்.

இனி இவ்வாய்வின் உயிர்நிலையாகிய மூலபாடச் சிக்கல். என்ஜினில் அடித்த நம்பரும் சேஸில் அடித்த நம்பரும் கம்பெனிப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். இதனை ‘மேட்சிங் நம்பர்’ என்பர். ஒத்துப்போகாவிடில் என் செய்வது? இதற்கு விடை காணவே 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்கு ஒன்று எழுந்தது.

‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்பது பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் வகைப் பந்தயக் கார். 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லு மான் பந்தயத்தில் வென்றது. அதை 1 கோடி பவுனுக்கு வாங்க ஒத்துக்கொண்ட ஒரு நிறுவனம், இது அந்தக் காரே அன்று என்று பின்வாங்கிற்று. நீதிபதி ஓட்டன் போல்ட் போல்ட்டாக ஆராய்ந்தார். 1929ஆம் ஆண்டுக் காரில் எஞ்சியவை, காலம் கணிக்க முடியாத சில்லறைப் பாகங்கள். 1930ஆம் ஆண்டுக் காரில் எஞ்சியவை பெடல் தண்டு, கியர் பாக்ஸ் உறை, ஸ்டியரிங் தண்டு. பாடி வேறு, என்ஜினும் பிற்பாடு வந்த 8 லிட்டர். இருந்தும் அந்தக் கார் எந்த நாளிலும் இல்லாமற்போய் அதன் இடத்துக்கு வேறொரு கார் வரவில்லை, வரலாறு அறாமல் தொடர்கிறது, ஆகவே இதுவே ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்பு முடிந்தது, ஆய்வு முடியுமா? பெடல் தண்டே கார் என்பர் பெடல்வாதிகள் (நூ. 6, மிதியுரை). உறையே கார், உள்ளே சுழலும் கியர் ஒரு பொருட்டன்று என்பர் உறைவாதிகள் (நூ. 6, மிதியுரை மறுப்பு, கிரீஸ் படிந்த பிரதி). ஸ்டியரிங் தண்டு மாறாதவழி திசை மாறாது, திசை மாறாதவழிக் காரும் மாறாது என்பது நடுநிலையார் துணிபு (நூ. 6, மிதியுரை மறுப்பின் மறுப்பு, மூன்றாம் படி, இரண்டாம் படியைப் பஞ்சர் போட எடுத்துப்போயினர்). இம்மூவரையும் மறுத்து, காராவது ரசீதுக் கட்டே என்பர் ஏலத்தார். அவர் கூற்றே வலியுடைத்து. ஏனெனில் பணம் அவர் வழியாகவே போகிறது.

இவண் ஒன்று கருதத்தக்கது. அந்தப் பென்ட்லியில் உள்ளிருந்தது ஏறக்குறைய அத்தனையும் மாறிற்று, பெயர் மாறவில்லை. நம் ஆய்வேடுகள் சிலவற்றில் உள்ளிருப்பது ஓரெழுத்தும் மாறுவதில்லை. அட்டையில் பெயர் மட்டும் மாறுகிறது. முன்னதற்கு 1 கோடி பவுன் கேட்டார்கள். பின்னதற்கு முனைவர் பட்டம் கொடுக்கிறார்கள். மேட்சிங் நம்பர் பார்க்கும் வழக்கம் கார் வியாபாரிகளிடம் மட்டுமே இருக்கிறது என்பது ஆய்வாளர் கருத்து.

மேலாய்வுக்குரிய களங்கள்: டிக்கியின் தோற்றமும் வளர்ச்சியும், ஹாரனில் மெய்ப்பாடுகள், வைப்பர்: ஒரு பின்நவீனத்துவ வாசிப்பு. விலைக்கான ஏழாம் காரணத்தை எழுதத் தொடங்கியபோது நெறியாளரிடமிருந்து போன் வந்தது. அவர் காரை சர்வீஸுக்கு விட்டு, மாலையில் எடுத்து வர வேண்டுமாம். டீசல் ஆய்வு நல்கையில் அடங்கும்.