பாராட்டுக்குப் பேரு உண்டா?

(சிரம்பான், லோபாக். அடுக்குமாடிக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. செம்பனைத் தோட்டத்து இளம் மேனேஜர். எதிரே, கித்தாக் காட்டில் பால்மரம் சீவியே வயதான பாட்டி.)

மேனேஜர்: பாட்டி, நம்ம தோட்டத்துல ‘தொழிலாளர் பாராட்டு நாள்’ வைக்கிறோம். கோலாலம்பூர்ல ஒரு பயிற்சிக்குப் போய்ட்டு வந்தேன். ஆளுங்களுக்கு ஊக்கம் குறைஞ்சிடுச்சாம். நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும்.

பாட்டி: யாருக்குக் குறைஞ்சிருக்கு? குலை வெட்டுறவனுக்கா, எண்ணுறவனுக்கா?

மேனேஜர்: வெட்டுறவங்களுக்குத்தான். தினமும் ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல ஒருத்தரைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்னு பயிற்சியாளர் சொன்னாரு.

பாட்டி: எங்களையும் விடியுறதுக்கு முன்னாடி பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. பேருக்கு முன்னால கங்காணி சேர்த்துக்கிட்ட வார்த்தையைத்தான் உங்க மேடையில சொல்ல முடியாது.

மேனேஜர்: அது அந்தக் காலம். இப்போ மரியாதைதான் எல்லாம். போஸ்டரே அடிச்சாச்சு.

பாட்டி: 1941-ல கிள்ளான் தோட்டத்து ஆளுங்க வேலைநிறுத்தம் செஞ்சப்போ என்ன கேட்டாங்க தெரியுமா? சீனத் தொழிலாளிக்குச் சமமா சம்பளம். கள்ளுக்கடையை மூடணும். பொம்பளைங்க மேல கை வைக்கக் கூடாது. அதோட இன்னொண்ணு: துரையோ கிராணியோ எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். எங்கப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது சம்பளத்தை விட்டுடுவாரு, சைக்கிளை விடமாட்டாரு.

மேனேஜர்: அடடா, காசு செலவில்லாத ஊக்கம்! இதை என் ஸ்லைடுல போட்டுக்கலாமா?

பாட்டி: தாராளமா. அடுத்த ஸ்லைடுல பட்டாளம் வந்ததையும், தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்துனதையும் போடு.

மேனேஜர்: (எழுதுவதை நிறுத்தி) அது வேணாம் பாட்டி, ஆளுங்க சோர்ந்துடுவாங்க. ‘மாதத்தின் சிறந்த தொழிலாளி’ன்னு ஆபீஸ் சுவத்துல படம் மாட்டப் போறோம், அது எப்படி?

பாட்டி: மாட்டு. ஆனா எங்க ஸ்டோர்ல நடந்ததைக் கேளு. பாலுக்குக் காசில்லை, பாலுக்குள்ள எவ்வளவு காஞ்ச கித்தா தேறும்னு பார்த்துத்தான் காசு. அந்தக் கணக்கைச் சொல்றது கிராணி. தண்ணி கலந்திருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா, தூக்கிட்டு வந்த வாளியில பாதி போச்சு. ஒரே ஒரு கிராணி மட்டும், பாத்துக்கம்மான்னு தராசு முள்ளை எங்க பக்கம் திருப்பி வெச்சாரு. மனுஷன் சிரிக்கக்கூட மாட்டாரு, பாராட்டுன ஞாபகமே இல்லை. மானம் கறுத்தா, மங்குல மழை விழுறதுக்குள்ள நெரை நெரையா ஓடிப் பால் எடுத்தது அவரு ஒருத்தருக்காகத்தான்.

மேனேஜர்: அவர் எந்தப் பயிற்சிக்குப் போனாரு?

பாட்டி: சந்தைக்குப் போயிருப்பாரு.

மேனேஜர்: சரி, சம்பளத்தை விடுங்க. குறைஞ்சபட்ச சம்பளத்தைத்தான் அரசாங்கம் 2025-ல 1,700 வெள்ளியா ஏத்திடுச்சே.

பாட்டி: அது அரசாங்கம் குடுத்தது. நீ குடுத்தது எங்க?

மேனேஜர்: நான் குடுக்கப்போறது உணர்வு! ‘இது என் தோட்டம்’னு ஒவ்வொருத்தனும் நினைக்கணும்.

பாட்டி: துன் சம்பந்தன் அதைச் செஞ்சு காட்டிட்டாரே. தோட்டங்களைத் துண்டு போட்டு வித்து, ஆளுங்களை நடுரோட்டுல விட்ட காலம். 1960-ல நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு, தொழிலாளிகளையே பங்கு வாங்க வெச்சு, கெடாவுல புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்குனாங்க. பங்குச் சீட்டு பொட்டியில இருந்துச்சு, உணர்வு தானா வந்துச்சு. நீங்களும் பங்கு தர்றீங்களா?

மேனேஜர்: பங்கு இல்லை பாட்டி, டீ-சட்டை. நெஞ்சுல ‘என் தோட்டம்’னு அச்சடிச்சது.

பாட்டி: சம்பளத்துல பிடிப்பீங்களா?

மேனேஜர்: பாதி விலைதான்.

பாட்டி: விழா என்னைக்கு?

மேனேஜர்: செவ்வாய்க்கிழமை.

பாட்டி: வேலை நாளாச்சே. வர்றவங்களுக்கு அன்னைக்குப் பேரு போட்டுச் சம்பளம் குடுப்பீங்களா?

மேனேஜர்: காலையில வெட்டுன குலைக்குக் கணக்கு உண்டு. விழா நேரத்துக்கு... ஹெட் ஆபீஸ்ல கேட்டேன். காசு குடுத்துப் பாராட்டுனா பாராட்டோட மதிப்பு குறைஞ்சிடுமாம்.

பாட்டி: பேச வர்ற பயிற்சியாளருக்கு?

மேனேஜர்: அவருக்கு முன்பணமாவே குடுத்தாச்சு.